அக்கா வாங்காத தட்டு

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் பத்திரிகை கோயிலுக்கு. இரண்டாவது, கல்யாணப் பெண்ணின் தாய்மாமனுக்கு. தாய்மாமன் இல்லாவிட்டால் அம்மாவின் உடன்பிறந்தவளுக்கு. மற்ற சனம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இருப்பது ஒரே ஓர் அக்கா. ஆகவே என் மகள் கல்யாணத்தின் இரண்டாவது பத்திரிகை அக்கா வாழ்க்கைப்பட்ட கேமரன் மலைக்குப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழத்தோடு, என் கையால் போக வேண்டும். இதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

என் மகனுக்கும் குழப்பம் இருக்கவில்லை. அச்சகத்திலிருந்து கார்டு வருவதற்கு முன்பே அவன் அதைப் போனில் செய்து, பிள்ளையார் தலையாட்ட, ரோஜா இதழ் கொட்ட, பின்னால் நாதஸ்வரம் வாசிக்க, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். நான் அடுப்படியில் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தேன். போன் விடாமல் டிங் டிங்கென்று அடித்தது. எடுத்துப் பார்த்தால் ஊரே கும்பிடுகிறது, பூங்கொத்து நீட்டுகிறது.

"என்னாடா பண்ணி வச்சிருக்க?"

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிருச்சு லா மா. பெட்ரோல் மிச்சம்."

சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று மற்றவர்கள் சொல்லலாம். நான் சொல்லவில்லை. கரண்டியும் கையுமாக நின்று திட்டித் தீர்த்தேன். சாமி காலில் வைக்காத பத்திரிகை, பெரியம்மா கையில் கொடுக்காத பத்திரிகை, எங்கேயோ இருக்கிற அத்தை மகனின் மச்சான் கைக்குப் போய்விட்டது. அவன் அதற்குக் கட்டை விரலை வேறு தூக்கிக் காட்டியிருந்தான்.

அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அவள் பார்த்துவிட்டாள். நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. நான் கூப்பிட்டபோது, "பூ கட்டுற எடத்துல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கா கல்யாணத்துக்கு வரமாட்டாளோ என்ற பயம். எங்கள் வீட்டில் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது முதல் கை அம்மாவின் கை. என் கல்யாணத்தில் மஞ்சளைத் தொட்டு முதலில் என் கன்னத்தில் தடவியது அம்மாதான். அம்மா போய்விட்டார். அந்த இடத்தில் நிற்க அக்காவை விட்டால் ஆளில்லை. அவள் வராமல் வேறு யாராவது முதல் கை வைத்தால் நான் அந்த இடத்திலேயே உடைந்து அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. நான் இன்னும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் குடியிருக்கிறேன். அக்காவை மட்டும் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கம், பூத்தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அத்தான் தங்கமானவர். ஆனால் எங்கள் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. மகள் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். நாம் போய் அங்கே உட்காரக் கூடாது. அப்பா போன பிறகும் அம்மா அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினார். எனக்குச் சட்டம் எதுவும் இல்லை, எனக்கு வாந்தி. மலைப்பாதையை நினைத்தாலே குமட்டும். அப்புறம் பிள்ளைகள், வேலை, அவர்கள் பள்ளிக்கூடம். ஆக, எப்போதும் அக்காதான் கீழே வருவாள்.

தீபாவளிக்கு வருவாள். பெட்டி நிறைய முட்டைக்கோஸ், சோளம், அவள் வேலை செய்யும் தோட்டத்துச் செவ்வந்தி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அப்பாடா, சூடு!" என்பாள். நாங்கள் எல்லாம் ஃபேனுக்குக் கீழே சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் வெயில் விழும் சிமெண்டுத் தரையில் போய்க் கூந்தலை விரித்துப் போட்டு உட்காருவாள். வேர்த்துக் கொட்டும், துடைக்க மாட்டாள். அம்மா, "பைத்தியம் பிடிச்சிருக்கா இவளுக்கு" என்று சொல்லிக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அம்மா போன பிறகு அவள் வரவில்லை. "தீபாவளிக்குத்தான் பூவுக்கு அலைமோதும், ஆள் பத்தல" என்று போனில் சொல்வாள். அம்மா இருந்த காலத்திலும் தீபாவளிக்குத்தான் பூவுக்கு அலைமோதியது. அப்போது மட்டும் எப்படி ஆள் பத்தியது என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? அம்மா இல்லாத வீடு அவளுக்குத் தாய்வீடு இல்லையென்றால், நான் அவளுக்கு யார்? ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு அதிகமாகவே சுடுகிறேன். வெளியில் கார் நின்றால் அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு விருந்தாளியாக இருக்கும்.

அதனால்தான் கிளம்பினேன். என் வீட்டுக்காரருக்கு ரவாங் ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. மகன்தான் காரை ஓட்டினான். அவன் செய்த வேலைக்கு அதுவாவது செய்யட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். முதல் நாளே ஜெராம் மீன் சந்தையில் கெம்போங் மீனும் இறாலும் வாங்கிச் சுத்தம் செய்து ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். மல்லிகை இரண்டு சரம், ஒன்று தட்டுக்கு, ஒன்று அக்காவின் தலைக்கு. வாழை இலையில் சுற்றி அதே பெட்டியில் மீனுக்குத் தூரமாக வைத்தேன்.

"பூ ஊருக்கே பூ எடுத்துட்டுப் போறீங்களா மா? ஜெராமுக்கு மீன் எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

"அங்க மல்லிகை வராதுடா. குளிர் ஆகாது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

தெலுக் இந்தான், பீடோர், தாப்பா வரை நான் ராணி மாதிரி வந்தேன். மலைப்பாதை ஆரம்பித்ததும் ராஜ்ஜியம் போயிற்று. புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையோடு, கண்ணை மூடி அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ரோட்டோரம் தேனும் பெத்தாய்க் காயும் விற்ற ஓர் அம்மா எனக்குத் தண்ணீர் போத்தல் நீட்டினார். இந்த வழியாகத்தானே அக்கா ஒவ்வொரு வருஷமும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து போனாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் வாந்தி வரும். சின்ன வயதில் கிள்ளான் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தவள் அவள்.

மேலே ஏறியதும் மலை முழுவதும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை. படத்தில் பார்த்த பூ எதுவும் கண்ணில் படவில்லை. பூவெல்லாம் அந்தக் கூரைகளுக்குக் கீழே இருக்கிறது. டவுனுக்குள் போனால் கார்கள் நகரவில்லை. ஸ்ட்ராபெரி தலையணை, ஸ்ட்ராபெரி குடை, ஸ்ட்ராபெரி தொப்பி போட்ட குழந்தைகள், சோளம் வேகவைக்கும் ஆவி. ஒவ்வொரு கடை வாசலிலும் வாளி வாளியாக ரோஜாவும் லில்லியும். இந்த அழகைப் பார்க்கத்தான் எல்லா ஊரிலிருந்தும் சனம் வருகிறது. எங்கள் ஊருக்கும் ஆற்றில் படகில் போய் மின்மினிப் பூச்சி பார்க்கப் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். நான் இன்றுவரை அந்தப் படகில் ஏறியதில்லை.

டவுனுக்குப் பின்னால் ஒரு சரிவில் அக்கா வீடு. வளைவில் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் போட்டு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் யாரோ என்று தாண்டிப் போய்விட்டோம். பின்னால் "டேய்! டேய்!" என்று சத்தம் கேட்டது. அக்காவை நான் ஸ்வெட்டரில் பார்த்ததே இல்லை. கீழே வரும்போது அவள் எப்போதும் மெல்லிய சேலையில் வருவாள். அவளுடைய ஊரில் அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது என்னவோ செய்தது.

என் கையைப் பிடித்து இரண்டு கையாலும் தேய்த்தாள். "ஐஸா இருக்கு. வாந்தி எடுத்தியா?"

"இல்ல."

"பொய்யி. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

கோபக்காரி மாதிரி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அக்காவுக்கு நிஜமாகக் கோபம் வந்தால் சிரிப்பாள்.

உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு முதல் வேலையாகத் தட்டை அலங்கரித்தேன். எல்லாவற்றுக்கும் மேல் பத்திரிகை, அதற்கு மேல் மல்லிகை. "அக்கா, அத்தானைக் கூப்புடு. தட்டு குடுக்கணும்."

"அத்தான் தோட்டத்துல இருக்காரு. மேசையில வை. டீ குடி."

அவள் தலைக்குக் கொண்டுவந்த சரத்தை மட்டும் கையில் கொடுத்தேன். குல்லாவைக் கழற்றினாள். நரைத்துவிட்டது. சரத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பூவிலேயே கிடந்து பூவிலேயே சம்பாதிக்கிறவள், என் மல்லிகையை அப்படி முகர்ந்தாள். பிறகு பின்னலில் வைத்துக்கொண்டு, குல்லாவைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டாள். அன்று முழுக்க அதைப் போடவே இல்லை.

மத்தியானம் அத்தான் சாப்பிட வந்தார். நான் தட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனதுதான் தாமதம், "அடடா, தயிர் இல்ல, ஓடிப் போயி வாங்கிட்டு வாங்க" என்று அவரைக் கடைக்கு விரட்டினாள். தயிர் வந்தது. ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே ஒரு டப்பா தயிர் இருந்ததை என் மகன் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அத்தான் சாப்பிட்டு, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்ப வேலைக்குப் போனார். தட்டு மேசையிலேயே இருந்தது.

தட்டை வாங்க மறுப்பதென்றால் எங்களிடம் ஒரே அர்த்தம்தான். வரமாட்டேன் என்பதை வாயால் சொல்லாமல் சொல்வது. கெம்போங் குழம்பை அவள் விரல் விரலாகச் சப்பிச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வா, ஊரைச் சுத்திப் பாக்கலாம்," என்றாள்.

"நான் ஊரைப் பாக்க வரல அக்கா. பத்திரிகை வைக்க வந்தேன்."

"இவ்வளோ தூரம் வந்துட்டு பூவப் பாக்காம போனா, கீழ எல்லாம் சிரிப்பாங்க. வா."

ஒரு ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். டிக்கெட்டுக்கு நான் கைப்பையைத் திறப்பதற்குள் வெள்ளி நோட்டை நீட்டிவிட்டாள். உள்ளே போனதும் என்னை விட அவள்தான் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"நீ வந்ததே இல்லையா?"

"காசு குடுத்துப் பூவப் பாக்க நான் என்னா லூசா? நான் பாக்கறதுக்கு அவன் எனக்குச் சம்பளம் குடுக்கிறான்." கொஞ்சம் தள்ளிப் போய், "யார் கூட வர்றது?" என்றாள். அவள் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

வழுக்கும் படிகளில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறினோம். மஞ்சள் ரோஜா, நுனி மட்டும் சிவந்த ரோஜா, பெயர் தெரியாத ஊதாப் பூ. ஒவ்வொன்றும் எத்தனை நாள் வாடாமல் நிற்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் வேலை செய்யும் தோட்டத்தில் செவ்வந்தியின் ஒவ்வொரு தலைக்கும் சின்ன வலை மாட்டுவார்களாம், லோரியில் போகும்போது விரியாமலிருக்க. அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறாள். அவள் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. தீபாவளிக்கு வரும்போது அவள் கொண்டுவரும் பூவைத்தான் பார்த்திருக்கிறேன், இந்த விரலைப் பார்த்ததில்லை. யாரோ ஒரு மலாய்ப் பெண்ணிடம் போனைக் கொடுத்து எங்களைப் படம் எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் ஒன்று எடுத்தாள். "லாகி, லாகி," இன்னும் இன்னும் என்று அக்கா எடுக்கவைத்தாள்.

அங்கிருந்து பூக்கடை, காய்கறிச் சந்தை, அவள் சாமான் வாங்கும் மளிகைக் கடை. போகிற இடமெல்லாம் என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த சீனத்து அம்மாவிடம், சோளம் விற்பவரிடம், பூப் பெட்டி தூக்கிக்கொண்டு போன வங்காளதேசத்துப் பையனிடம்கூட, ஒரே வாசகம்: "அடிக் சாயா. டாரி பாவா." என் தங்கச்சி. கீழேயிருந்து வந்திருக்கா. அந்தச் சீனத்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, உனக்குத் தங்கை இருக்கிறாளா என்று மலாயில் கேட்டார். அக்கா, "இருக்கா, இருக்கா" என்று தமிழிலேயே பதில் சொன்னாள். எனக்கு அந்தக் கடைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஒரு வாளி லில்லியை விலை கேட்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது பனி இறங்கியிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. எனக்குப் பல் தந்தியடித்தது. மகன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். "மா, மழ வர்ற மாதிரி இருக்கு லா. இருட்டுறதுக்குள்ள கீழ எறங்கணும். அந்த ரோட்ல என்னால முடியாது."

அத்தானும் வேலை முடிந்து வந்திருந்தார். இனிச் சாக்குக்கு இடமில்லை. நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா. போன்ல வந்தது அந்த அறிவுகெட்டவன் பண்ண வேல. நான் அனுப்பல. முதல் தட்டு உனக்குத்தான் கொண்டாந்திருக்கேன். இன்னும் கோயிலத் தவிர ஒரு வீட்டுக்கும் நான் போகல. நலங்குக்கு முதல் கை நீதான் வைக்கணும். அம்மா எடத்துல எனக்கு வேற யாரும் இல்ல. கோவம் இருந்தா திட்டிரு, அடிச்சிரு. தட்ட வாங்கிக்க."



அக்கா கையை நீட்டவில்லை. ஸ்வெட்டரில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "கோவமா? எனக்கு என்னாடி கோவம். அந்தப் பிள்ளையாரு ஆடுறத நான் எத்தனை வாட்டி போட்டுப் போட்டுப் பாத்தேன் தெரியுமா?"

"அப்ப ஏன் பதில் போடல?"

"பதில் போட்டிருந்தா நீ மல ஏறி வந்திருப்பியா?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் முன்னாடியே வந்துருவேன், போதுமா? எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வராம யாரு வருவா? ஆனா இத இப்பக் குடுக்காத. பத்திரிகை வைக்க வர்றவங்க என்னா பண்ணுவாங்க? தட்டக் குடுப்பாங்க, ஒரு வாய் தண்ணி குடிப்பாங்க, அடுத்த வீட்டுக்குக் கெளம்பிருவாங்க. நான் தட்ட வாங்கிட்டா நீ கெளம்பிருவ."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டான். காலையிலிருந்து அவள் என்னை மறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. டீ, தயிர், ரோஜாத் தோட்டம், இன்னும் ஒரு படம் என்று ஒவ்வொன்றாக என்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தட்டை மேசையில் திரும்ப வைத்தேன்.

"சரி. நாளைக்கு வாங்கிக்க."

அவள் என்னைப் பார்த்தாள். நிஜம்தானா என்று என் மகனையும் பார்த்தாள். அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அக்கா உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து எதையோ இறக்கினாள். தடித்த கம்பளிப் போர்வைகள், மூன்று, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தன. உறைகள் பழுப்பேறிப் போயிருந்தன.

"குடி வந்த வருஷமே வாங்கினது. கீழேருந்து வர்றவங்களுக்கு இந்தக் குளிர் தாங்காதுன்னு. ஒன்னு அப்பாவுக்கு. ஒன்னு அம்மாவுக்கு. இது உனக்கு."

என் போர்வை உறையின் ஜிப் துருப்பிடித்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்துத் திறந்தாள். அந்துருண்டை வாசம் வீடு முழுக்கப் பரவியது. போர்வையை உதறி என் தோளைச் சுற்றிப் போர்த்தி, கழுத்துப் பக்கம் இறுக்கி விட்டாள். என் மகனுக்குத் தன் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு முக்காலியில் மறுபடியும் ஏறி, மற்ற இரண்டையும் உறை பிரிக்காமல் பீரோவின் மேல் அடுக்கி வைத்தாள்.